காட்டுவதற்கு வாங்கிய காகிதம்

தென்காசி வட்டாரத்தில் வாகனக் காப்பீடு என்பது நெடுங்காலம் காட்டுவதற்கு வாங்கப்பட்ட காகிதமாகவே இருந்தது. புளியரைச் சோதனைச் சாவடியில் காட்டவும், எஃப்.சி. எனப்படும் தகுதிச்சான்றுக்கு வண்டியைக் கொண்டுபோகையில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டவும், கடன் கொடுத்த வங்கியின் கோப்பில் சேர்க்கவும் அது தேவைப்பட்டதே ஒழிய, அதில் அச்சிட்டிருந்த சொற்களை இழப்பு வருவதற்கு முன்பே படித்துப் பார்த்தவர்கள் அரிது. வீட்டுக் காப்பீட்டின் நிலை இதனினும் கீழ். காட்டச் சொல்லிக் கேட்க வழியில் போலீஸ் இல்லாததால், கடன் வாங்கிக் கட்டிய வீடுகளைத் தவிர மற்றவற்றுக்கு அப்படி ஒரு காகிதம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே இப்பகுதியில் பெரும்பாலோருக்கு எழுந்ததில்லை.

இந்த மனப்பாங்குக்குச் சட்டத்தின் வரலாறும் ஒரு காரணம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டை விதித்து, அவ்விதி 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. பின்வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 146ஆம் பிரிவில் அதையே வற்புறுத்தியது. பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973இல் நாட்டுடைமையானபோது நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் நான்காக ஒடுங்கின; அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. கட்டண விகிதம் நாடு முழுவதும் ஒன்றாகவே நிர்ணயிக்கப்பட்டிருந்ததால், எண்பதுகளில் தென்காசியில் வண்டி வைத்திருந்தவர்கள் நிறுவனத்தைப் பார்த்தல்ல, முகவரைப் பார்த்தே பாலிசி எடுத்தார்கள். ரெக்சின் பையில் கார்பன் தாளும் கவர் நோட் புத்தகமுமாகச் சைக்கிளில் வந்து, கடை வாசலில் நின்றபடியே வண்டி எண்ணையும் என்ஜின் எண்ணையும் எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "காசு பொறவு வாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி" என்று போய்விடும் முகவர்களை அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்கின்றனர். கவர் நோட் என்பது பாலிசி அச்சாகி வரும்வரை, அதிகபட்சம் 60 நாளுக்குச் செல்லும் தற்காலிகச் சான்று. ஆனால் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு, பிரீமியம் கைக்கு வராமல் எந்த நிறுவனமும் பொறுப்பேற்கலாகாது என்கிறது. எனவே அந்த அண்ணாச்சித்தனமான கடன், காகிதத்தைக் கொடுத்ததேயன்றிக் காப்பைக் கொடுத்ததா என்பது ஐயத்துக்குரியது. பாலிசியில் தேதியோடு மணியும் குறிக்கப்படுவதன் காரணமும் இதுவே: காலையில் மோதிவிட்டு மாலையில் புதுப்பித்தவருக்கு அந்த மணிக்கணக்கு சாதகமாக இருப்பதில்லை.

இவ்வூர்களில் 'தேர்ட் பார்ட்டி', 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று இரண்டாகப் பிரித்தே பேசுவார்கள். முதல் நபர் வண்டி உரிமையாளர், இரண்டாம் நபர் காப்பீட்டு நிறுவனம், இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்று அவ்வண்டியால் பாதிக்கப்படுபவர் மூன்றாம் நபர். சட்டம் கட்டாயமாக்கியது இந்த வெளியாளின் பாதுகாப்பை மட்டுமே. இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு தம் வண்டியைப் பணிமனையில் விட்டவர்கள், அது அடுத்தவருக்கான இன்சூரன்ஸ் என்று அறிந்து திகைத்த காட்சி தென்காசிப் பணிமனைகளுக்குப் புதிதன்று. பைக்கின் பின்னால் அமர்ந்துவரும் மனைவி மூன்றாம் நபர்தானே என்ற கேள்விக்கும் விடை கசப்பானது: சட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எடுக்கப்பட்ட பாலிசி, கட்டணமின்றிப் பின்னிருக்கையில் வருபவரைக் கட்டாயமாகக் காக்காது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறிவிட்டது. உரிமையாளரே ஓட்டி உயிரிழந்தால் கிடைக்கும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு வேறு, மூன்றாம் நபர் காப்பு வேறு. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பு இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. இம்மூன்றும் ஒரே தாளில் மூன்று வரிகளாக அச்சாகியிருக்கும். எந்த வரிக்கு நேரே தொகை இருக்கிறது, எதற்கு நேரே சுழியம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இவ்வேறுபாடுகளைப் பாடநூல்போல் விளக்கிய நிகழ்ச்சி ஒன்று 2024 பிப்ரவரி இறுதியில் புளியரை மலைச்சாலையில் நடந்தது. கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிவந்த லாரி ஒன்று நள்ளிரவு கடந்த வேளையில் எஸ் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து கீழே செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையின்மேல் விழுந்தது, ஓட்டுநர் உயிரிழந்தார், ஓசை கேட்டு ஓடிவந்த முதிய தம்பதியர் டார்ச் விளக்கைக் காட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினர். செய்தித்தாள்கள் அத்தம்பதியரைப் பாராட்டியது முறையே. காப்பீட்டின் கண்கொண்டு நோக்குவோர்க்கு அவ்விடத்தில் நான்கு இழப்புகள் தெரியும். இத்தகைய விபத்தில் லாரியின் சேதம் சொந்தச் சேதப் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவு எடுக்கப்படாதிருந்தால் உரிமையாளருக்கு ஒன்றுமில்லை. கூலிக்கு ஓட்டும் ஓட்டுநரின் இறப்புக்கு முதலாளிக்கு நேரும் பொறுப்பை மோட்டார் பாலிசியிலேயே அடக்கிக்கொள்ள முடியும். ஏற்றிவந்த சரக்கு மோட்டார் பாலிசியில் அறவே சேராது. அதற்குச் சரக்குப் போக்குவரத்துப் பாலிசி தனியே வேண்டும். தண்டவாளத்துக்கோ மின்கம்பத்துக்கோ சேதம் நேர்ந்தால் அது மூன்றாம் நபர் சொத்துச் சேதம்; அதற்குப் பாலிசி தரும் உச்சவரம்பு லாரிக்கும் காருக்கும் 7.5 லட்சம், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம். மனித உயிருக்கும் உடலுக்கும் நேரும் இழப்புக்கு மட்டுமே வரம்பில்லை. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை எவ்வளவாயினும் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். பிரீமியத்தில் சிறு தொகையை மிச்சப்படுத்த எண்ணிச் சொத்துச் சேத வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஒரு மின்கம்பத்துக்குக்கூடப் போதாத அந்தச் சிக்கனத்தைப் பரிந்துரைத்த முகவர்களை மன்னிப்பது கடினம்.

பாலிசி உயிரோடிருந்தும் நிறுவனம் கைவிரிக்கும் சூழல்கள் குற்றாலச் சீசனில்தான் மிகுதி. ஜூனில் சாரல் தொடங்கியதும், வெள்ளை போர்டு எனப்படும் சொந்த உபயோகப் பதிவுள்ள வேன்களும் கார்களும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். பாலிசியில் பயன்பாட்டு வரையறை என்றொரு பத்தி உண்டு. வாடகைக்கு விடுவது அதில் விலக்கப்பட்டிருக்கும். சொந்தச் சேதம் அத்தருணத்திலேயே கேள்விக்குள்ளாகும். மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் ஆணையிடுவதும் உண்டு. நீதிமன்ற வட்டாரத்தில் 'பே அண்ட் ரெக்கவர்' எனப்படும் இம்முறையில் பாதிக்கப்பட்டவர் பிழைத்துக்கொள்வார். வசூல் நோட்டீஸ் வேன்காரரின் வீட்டுக்கு வரும்.

இதனினும் கொடியது குட்டியானை விவகாரம். டாடா ஏஸ் வண்டிக்கு மக்கள் இட்ட இப்பெயர், கோயில் கொடைக்கும் ஆடி மாதக் குளியலுக்கும் குடும்பம் குடும்பமாக அதன் பின்தட்டில் நின்று பயணிக்கும் வழக்கத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது. சரக்கு வாகனத்தில் சரக்கின் உரிமையாளரோ அவரின் பிரதிநிதியோ அல்லாமல் பயணிப்பவருக்குக் கட்டாயப் பாலிசி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே தீர்த்துவிட்டபோதிலும், சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து புறப்படும் வண்டிகளில் ஏறுவோரில் ஒருவர்கூட இத்தீர்ப்பை அறிந்து ஏறியதாகத் தெரியவில்லை. ஓட்டுநர் உரிமம் பற்றிய நெடுநாள் வழக்கு ஒன்று மட்டும் இவ்வண்டிக்காரர்களுக்குச் சாதகமாக முடிந்தது: இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தைத் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்று ஐவர் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று கூறியதால், அக்காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்கும் வழி அடைபட்டது.

சொந்தச் சேதப் பிரிவில் எல்லாவற்றுக்கும் அடித்தளமான எண் ஐ.டி.வி. எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பு. வண்டி திருடுபோனாலோ முற்றாக அழிந்தாலோ நிறுவனம் கொடுக்கும் உச்சத்தொகை அதுவே. அதே மாடலின் இன்றைய விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து அது கணக்கிடப்படும்: ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்கும் மேற்பட்ட வண்டிக்கு இருதரப்பும் பேசி வைத்துக்கொள்ளும் மதிப்பு. பழுது பார்க்கும் செலவு இந்த மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்' எனப்படும் முழு இழப்பாகக் கருதப்படும். பிரீமியம் குறைகிறதே என்று ஐ.டி.வி.யைத் தாழ்த்தி எழுதச் சம்மதித்தவர், வண்டி போன அன்றுதான் தாம் எதற்குச் சம்மதித்தோம் என்பதை உணர்வார்.

பாகங்களுக்குத் தேய்மானம் வேறு கணக்கு: ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி கழியும், ஃபைபர் கண்ணாடியிழைக்கு 30 விழுக்காடு, கண்ணாடிக்கு எதுவுமில்லை. இக்கழிவைத் தவிர்க்கக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்குவதே 'பம்பர் டு பம்பர்' என்று வழங்கும் பூஜ்யத் தேய்மானக் காப்பு. அதை எடுத்தவரும் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவாகத் தம் கையிலிருந்து கொடுத்தே தீர வேண்டும்.

இக்கட்டுரையாளர் உடனிருந்து கண்ட ஆய்வு ஒன்று இச்சொற்களுக்கு உருக்கொடுத்தது. சிற்றாற்றின் கரையோரத் தாழ்நிலத்தில் நிறுத்தப்பட்டிருந்த கார் ஒன்று இரவுப் பெருக்கில் இருக்கை மட்டத்துக்கு நனைந்துபோய், பாவூர்சத்திரத்தைச் சேர்ந்த அதன் உரிமையாளர் பணிமனையில் காத்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த சர்வேயர், அதாவது இழப்பை மதிப்பிட உரிமம் பெற்ற ஆய்வாளர், முதலில் காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை உருவி, அதில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நின்றது என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மண் படிந்த காகித மடிப்புகளைப் படமெடுத்தார். டிப் ஸ்டிக்கை உருவியபோது என்ஜின் ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, தண்ணி வடிஞ்ச பொறவு சாவியப் போட்டுத் திருவுனீங்களா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார். "ஓடுதான்னு ஒரே ஒரு தடவதான் சார் திருவிப் பாத்தேன்" என்றார் உரிமையாளர்.

அந்த ஒற்றைத் திருகல்தான் வழக்கு. வெள்ளம் சொந்தச் சேதப் பிரிவில் ஏற்கப்பட்ட இடர். ஆகவே நனைந்த இருக்கை, வயரிங், சுத்தம் செய்யும் செலவு ஆகியவை ஏற்கப்பட்டன. ஆனால் நீர் புகுந்த என்ஜினை இயக்கியதால், அமுக்க முடியாத நீரை பிஸ்டன் அமுக்க முயன்று கனெக்டிங் ராட் வளைந்தது வெள்ளத்தின் நேர்விளைவன்று, அதன்பின் மனிதர் செய்ததன் விளைவு. இத்தகைய பின்விளைவு இழப்பு விலக்குப் பட்டியலில் இருக்கிறது. என்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பு இருந்திருப்பின் கதை மாறியிருக்கக்கூடும். அருவியூருக்கு ஆண்டுதோறும் வண்டியில் வருவோர் பூஜ்யத் தேய்மானத்தைக் காட்டிலும் முதலில் எடுக்க வேண்டியது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நனைந்த வண்டியைத் தள்ளியோ கட்டியிழுத்தோ பணிமனைக்குக் கொண்டுசேர்ப்பதே முறை.

சிறு கீறலுக்கெல்லாம் க்ளைமுக்குப் போகாதே என்று பழைய முகவர்கள் சொல்லிவந்ததற்குப் பொருளுண்டு. கோரிக்கையே வைக்காத ஆண்டுகளுக்கு வழங்கப்படும் நோ க்ளைம் போனஸ், முதலாண்டு 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 என ஏறி ஐந்தாம் ஆண்டில் 50ஐ எட்டும். சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டுமே இது கழியும். உச்சப்படியை எட்டி, அப்பிரீமியம் 10,000 ரூபாயாக உள்ளவர், கழிவும் தேய்மானமும் போகக் கையில் 2,000 தேறும் கோரிக்கையை வைத்தால், அடுத்த ஆண்டு 5,000 ரூபாய்ச் சலுகையை இழந்து மறுபடி அடிப்படியிலிருந்து ஏற வேண்டும். இந்தப் போனஸ் வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. பழைய காரைக் கேரளத்துக்கு விற்றவர் சான்று வாங்கிப் புதிய காருக்கு அதைக் கொண்டுபோகலாம். பாலிசி முடிந்து 90 நாள் புதுப்பிக்காமல் விட்டால் மட்டும் அது போய்விடும்.

வீட்டுக்கு வருவோம். தென்காசி, இலஞ்சி, மேலகரம் பகுதிகளில் வங்கிக் கடன் பெற்றோர் கையெழுத்திட்ட கட்டுக்கட்டான தாள்களுக்கிடையே தீ மற்றும் சிறப்பு இடர்ப் பாலிசி ஒன்று இருக்கும். பிரீமியம் கணக்கிலிருந்து தானே கழிந்துவிடும். பாலிசி வங்கியின் இரும்பலமாரியில் தங்கிவிடும். பல இடங்களில் அதன் காப்புத்தொகை வீட்டின் மதிப்புக்கு அல்லாமல் கடன் தொகைக்கே எழுதப்பட்டது. இதன் விளைவு 'ஆவரேஜ்' எனப்படும் விகிதாசார விதியில் வெளிப்பட்டது. இலஞ்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பாதி ஓட்டு வீடும் பாதி தளமுமான இல்லத்தின் கூரை, ஆடிமாதப் புயற்காற்றில் சரிந்து 90,000 ரூபாய் இழப்பு மதிப்பிடப்பட்டது. காப்புத்தொகையோ 4 லட்சம். சர்வேயர் வீட்டின் மதிப்பை 12 லட்சம் என்று கணித்தார். மதிப்பில் மூன்றிலொரு பங்குக்குக் காப்பெடுத்தவர் மீதி இரு பங்குக்குத் தாமே காப்பாளர் என்பது அவ்விதி. ஆகவே 30,000 மட்டுமே தேறியது. நாலு லட்சத்துக்கு எடுத்திருக்கையில் தொண்ணூறாயிரம் ஏன் வராது என்ற ஆசிரியரின் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பாலிசியை விற்ற அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றாக வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுப் பாலிசி, வீடுகளைப் பொறுத்தவரை இந்தக் குறைகாப்பு விதியைக் கைவிட்டது. அதன்கீழ் காப்புத்தொகைக்குள் அடங்கும் இழப்பு விகிதம் பார்க்காமல் ஏற்கப்படும். நிலத்தின் விலையைச் சேர்க்காமல், மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவையே காப்புத்தொகையாகக் கொள்வது அதன் முறை. சென்ட் விலையைக் கூட்டி எழுதுவது வீண் பிரீமியம். தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு ஆகியவை அடங்கும். மேற்குமலையின் அடிவாரத்தில் கடைசியிரண்டும் ஏட்டுச்சுரைக்காயல்ல. வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடக் காப்புத்தொகையில் 20 விழுக்காடு, 10 லட்சம் வரம்புக்குட்பட்டுத் தானாகவே சேரும். நகை சேராது, தனியே மதிப்பிட்டு எழுத வேண்டும். இடர் நேர்ந்த 7 நாளுக்குள் நிகழும் திருட்டு ஏற்கப்படும். மற்ற நாளில் வரும் கள்வனுக்கு வேறு பாலிசி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பர் வெள்ளம் தென்மாவட்டங்கள் நான்கையும் புரட்டியபின் இத்தகைய பாலிசியைப் பற்றி விசாரிப்போர் கூடினர். ஆயினும் குற்றாலத்துச் சுவர்களில் ஆண்டுதோறும் ஏறும் ஓதத்துக்கும் கசிவுக்கும் கரையானுக்கும் எந்தப் பாலிசியும் பணம் தராது. அவை இடரல்ல, தேய்வு.

அதே 2023இன் ஆகஸ்டில் குற்றாலநாதர் கோயிலை ஒட்டிய தற்காலிகக் கடைகள் தீயில் எரிந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது: இடம் தமதாக இல்லாத சீசன் வியாபாரி எதைக் காப்பீடு செய்ய முடியும்? இழந்தால் தமக்குப் பண நட்டம் தரக்கூடிய எதையும் செய்யலாம் என்பதே காப்பீட்டு நல உரிமை என்னும் கோட்பாடு. இடம் பிறருடையதாயினும் சிப்ஸும் அல்வாவும் பொம்மைகளும் அடுக்கிய சரக்கு வியாபாரியுடையது. ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள சொத்துக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்னும் பாலிசி உண்டு. தகரமும் தார்ப்பாயும் வேய்ந்த கொட்டகைக்குப் பொறுப்பேற்க நிறுவனங்கள் தயங்கும் என்பதும், சரக்கு வாங்கிய பில் எரிந்துபோனால் நிரூபிக்க ஒன்றுமிராது என்பதும் நடைமுறைத் தடைகள்.

தீர்வில் உடன்படாதவர் முதலில் நிறுவனத்துக்கே எழுதி, ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை ஏற்கத்தகாததாக இருந்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை, வரம்பு இப்போது 50 லட்சம். மூன்றாம் நபர் இழப்பீடு மட்டும் அங்கே செல்லாது; அதற்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயமே இடம். பணம் தருமுன் நிறுவனம் கையொப்பம் கேட்கும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்றிருக்கும். அக்கையொப்பத்தையே காரணமாக்கிப் பாலிசிதாரரின் வழக்குரிமையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2015இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இலஞ்சி ஆசிரியர் அதை அறியாமலே, பள்ளிக்கூட வழக்கத்தால், வவுச்சரில் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். விகிதாசார விதியை அவர் எதிர்க்கவில்லை. பாதி ஓடு வேய்ந்த பழைய வீட்டுக்குப் புதுத்தளத்தின் வீதத்தில் மதிப்பிட்டதையே எதிர்த்து, பொறியாளர் ஒருவரின் தேய்மானம் கழித்த மதிப்பீட்டை இணைத்தார். மதிப்பு 8 லட்சம் என்று ஏற்கப்பட்டது. பங்கு மூன்றிலொன்றிலிருந்து பாதியாயிற்று. மேலும் 15,000 ரூபாய்க்கான காசோலை, கடன் கொடுத்த வங்கியில் அவரது கடன் பாக்கிக்கு வரவு வைக்கப்பட்டது.